பக்கத்து அறைச் சத்தம்

முதலில் காட்டிக்கொடுத்தது ஃபிரிட்ஜ்தான். கதவைச் சரியாக மூடாவிட்டால் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளும். பிறகு குருவிக் குஞ்சு மாதிரி விட்டுவிட்டுக் கத்தும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் பாலை எடுத்துவிட்டுக் கதவைப் பாதியில் விட்டிருந்தாள். அது கத்த ஆரம்பித்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டே அவள் பாலைச் சுடவைத்தாள், டீ போட்டாள், போட்ட டீயை நின்றபடியே குடிக்கவும் தொடங்கினாள். நான் உள்ளே ஒரு திரைச்சீலைக்கு வளையம் தைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்றாம் தடவை எழுந்துபோய் நானே கதவை அறைந்து சாத்தினேன்.

"உயிரை விட்டுக் கத்துது. காதுல என்ன பஞ்சா வெச்சிருக்க?"

"எது கத்துச்சு?" என்றாள்.

அவள் நடிப்பதாக நினைத்தேன். அன்று முழுவதும் அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை.

எனக்கு ஒரே மகள். பிறந்தபோது கன்னமும் தொடையுமாக இருந்ததால் அவள் அப்பா பூசணி என்று கூப்பிட ஆரம்பித்தார். இருபத்தாறு வயதில் கொடி மாதிரி ஆகிவிட்டாள். பெயர் மட்டும் இளைக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், அறுவை சிகிச்சை முடிந்தவர்களைக் கிடத்தும் வார்டில் நர்ஸ் வேலை. நான்காவது வருஷம். வேலையிலிருந்து வந்ததும் காலைச் சோபாவின் கைப்பிடிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டில்காரரும் எப்படி முனகினார், எப்படி மிரட்டினார் என்று நடித்துக் காட்டுவாள். நானும் அவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அந்தக் கதைகள் எப்போது குறைந்தன என்று இப்போது யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. மற்றவை பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. டிவியில் கீழே எழுத்து ஓடவிட்டுப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். போனில் பேசும்போது எப்போதும் வலது காதுதான். நாங்கள் சிரித்து முடித்த பிறகு அவள் சிரிப்பாள். சாப்பாட்டு மேசையில் சுவரோரமாக, எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிகிற நாற்காலிக்கு மாறிக்கொண்டாள். அங்கே காற்று வராதே என்று கேட்டதற்கு, "எனக்குக் குளிருது" என்றாள். நல்ல வெயில் காலத்தில்.

ஃபிரிட்ஜ் விஷயம் நடந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். வார்டில் நடந்ததை அவளே பிறகு சொன்னாள்.

மூன்றாம் நம்பர் கட்டிலில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு லாரி டிரைவர். கையில் ஊசி குத்தி, அளவு பார்த்து மருந்தை ஏற்றும் பம்ப் ஒன்றை மாட்டியிருந்தார்கள். மருந்துப் பை காலியானால் அது பீப் பீப் என்று கத்தும். சிவப்பு விளக்கும் எரியும். பூசணி நான்காம் நம்பர் கட்டிலில் ஒரு கிழவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். பம்ப்புக்கு முதுகைக் காட்டி நின்றிருக்கிறாள். டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கட்டில் கம்பியை டம்ளரால் தட்டினார்.

"ஏம்மா சிஸ்டர், காது செவிடா? அஞ்சு நிமிஷமா அடிச்சுக்குது!"

எல்லா நோயாளியும் திட்டுகிற திட்டுதான். வார்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். பூசணி திரும்பினாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழாயில் ரத்தம் விரற்கடை அளவுக்குப் பின்னால் ஏறியிருந்தது. ஓடிப்போய் முதலில் குழாயை மட்டும் அடைத்தாள். அவர் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போது உள்ளே வந்த மேட்ரனிடம் அவளே போய்ச் சொன்னாள்.

"மேடம், இந்த பம்ப்ல லைட் மட்டும்தான் வருது. சத்தம் வரலை. சர்வீசுக்கு அனுப்பணும்."

டிரைவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பம்ப் அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மேட்ரன் கறாரான பெண். அவர் வந்தால் வார்டில் கட்டில்கூட நேராக நிற்கும் என்று பூசணி சொல்வாள். அந்த மேட்ரன் அவள் கையைப் பிடித்து நர்ஸ்கள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாராம். "எவ்வளவு நாளா?" என்று கேட்டாராம். பூசணி தெரியாது என்றாள். பிறகு, ஒரு வருஷமாகத் தெர்மாமீட்டர் கத்துவதைக் கேட்டதில்லை, எண் மாறுவதை நின்று பார்த்துத்தான் குறித்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். மாஸ்க் போட்டுக்கொண்டு டாக்டர் சொல்வது பாதிதான் புரியும், அதனால் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லி அவர் தலையாட்டுவதைப் பார்த்த பிறகே மருந்தைத் தொடுவேன் என்றும் சொல்லியிருக்கிறாள். அப்படித் திருப்பிச் சொல்வதற்காகப் போன வருஷம் அவளுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"நாளைக்குக் காது டெஸ்ட்டுக்கு போகணும். நீ வாயேம்மா."

அவள் என்னை எங்கும் கூப்பிட்டு வருஷக்கணக்காகியிருந்தது. நான் திரைச்சீலை தைக்கும் கடையில் இருபத்திரண்டு ஜன்னலுக்கான தையல் பாக்கி இருந்தது. முதலாளியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுப் போனேன்.

காது பரிசோதிக்கும் இடம் ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில் இருந்தது. டெலிபோன் பூத் மாதிரி ஒரு சின்ன அறை. சாணளவுத் தடிமனில் கதவு. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு. நடுவில் ஒரு கண்ணாடி. பரிசோதிக்கும் பெண்ணுக்கு என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கலாம். மேசையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பூசணியிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டாள். காதில் சீழ் வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது கேட்காமல் போனதுண்டா, வேலை செய்யும் இடத்தில் இரைச்சலா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை.

"காதுக்குள்ள சத்தம் ஏதாவது?"

"பழைய டியூப்லைட் இருக்குல்ல, அது எரியற மாதிரி. எப்பவும்."

இது எனக்குப் புதுச் செய்தி.

"ஹெட்ஃபோன் போடுவீங்களா?"

"போடுவேன். ஒன்பதாவது படிக்கறப்போ இருந்து."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?"

"பஸ்ல ரெண்டு மணி நேரம். வீட்ல படிக்கறப்போ. அப்புறம் தூங்கற வரைக்கும். சில நாள் தூங்கினப்புறமும் ஓடிட்டே இருக்கும்."

"வால்யூம்?"

"ஃபுல்."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "தினமுமா? ஏன் அவ்வளவு?"

பூசணி என்னைப் பார்க்கவில்லை. குற்றம் சொல்லும் குரலும் இல்லை அது. முகவரி கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

"பக்கத்து ரூம் சத்தம் கேக்காத அளவுக்கு வெப்பேன். அதுக்கு ஃபுல்லாத்தான் வைக்கணும்."

என் மடியில் அவளுடைய கைப்பை இருந்தது. அதன் ஜிப்பை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன்.

பக்கத்து அறையில் இருந்தது நானும் அவரும்தான். என் வீட்டுக்காரருக்குக் கட்டட வேலையில் மேஸ்திரி உத்தியோகம். தரையில் நின்று நான்காவது மாடிக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய தொண்டை. எனக்கு அந்தத் தொண்டை கிடையாது, ஆனால் விட்டுக்கொடுக்கிற குணமும் கிடையாது. கட்டில்மேல் கிடக்கும் ஈரத் துண்டில் ஆரம்பித்தால், எங்கள் கல்யாணத்தன்று அவர் அக்கா சொன்ன ஒரு வார்த்தையில் போய்த்தான் நிற்போம். நடுவில் யார் வீட்டில் யார் யோக்கியம் என்பது முழுக்க அலசப்படும். அடிதடி கிடையாது. அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வேன், என்னமோ அது பெரிய சாதனை மாதிரி. ஒரே அறையைப் பலகை அடித்து இரண்டாகத் தடுத்த வீடு எங்களுடையது. பலகைக்கு அந்தப் பக்கம் அவளுடைய கட்டிலும் மேசையும்.

ஒருநாள் அவள் எங்கள் வாசலில் வந்து நின்று, "நாளைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாங்கள் வாயை மூடிக்கொண்டோம், ஒரு பத்து நிமிடத்துக்கு. மறுநாள் அவர் ஒரு ஹெட்ஃபோன் வாங்கி வந்தார். காதையே மூடும் பெரிய வகை. "இதை மாட்டிக்கிட்டா இடி விழுந்தாலும் கேக்காது" என்றார். எனக்கும் அது அருமையான யோசனையாகப் பட்டது. அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, அவள் தலைக்கு அளவு வைத்து, பட்டையை இழுத்துச் சரிசெய்தது நான்தான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நாங்கள் குரலைத் தணிக்க வேண்டிய கட்டாயமும் இல்லாமல் போயிற்று. அவள்தான் மாட்டியிருக்கிறாளே.

பூசணி பஞ்சு அறைக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. கண்ணாடி வழியாக அவள் பக்கவாட்டு முகம் தெரிந்தது. கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். பரிசோதிக்கும் பெண் மெஷினில் ஒவ்வொரு சத்தமாக அனுப்பினாள். முதலில் பட்டன் அழுந்தும்போதெல்லாம் இங்கே ஒரு விளக்கு எரிந்தது. பிறகு இடைவெளி கூடியது. அப்புறம் நெடுநேரம் விளக்கே எரியவில்லை. பூசணி அசையாமல், நெற்றியைச் சுருக்கி, பரீட்சையில் தெரியாத கேள்வியைப் பார்ப்பது போல எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். 'அழுத்து, அழுத்துடி' என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

காகிதத்தில் வந்த கோடு கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், பிறகு குழிக்குள் சக்கரம் இறங்கியது போலச் சட்டென்று கீழே விழுந்தது. இரண்டு காதுக்கும் அப்படித்தான், இடது காதில் குழி இன்னும் ஆழம். உயர்ந்த சத்தங்கள்தான் போயிருக்கின்றன என்றாள் அந்தப் பெண். மணி, பீப், குருவி. பேச்சில் ச, ஸ, ட மாதிரியான எழுத்துகள். பேசுகிறார்கள் என்பது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது புரியாது. அவள் இதைச் சொல்லச் சொல்லப் பூசணி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அவள் வார்த்தைகளைக் காதால் வாங்கவில்லை, உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் கவனித்தேன்.

"இது திரும்ப வருமா?" என்று நான் கேட்டேன்.

"போனது வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்."

அப்புறம் அவளாகவே, "நீங்க தையல் மெஷின்ல வேலைன்னு சொன்னீங்களே, நீங்களும் ஒரு தடவை உக்காந்து பாருங்களேன், அஞ்சு நிமிஷம்தான்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். கதவு மூடியதும் என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

முதல் சத்தம் வந்தது. ஊசி நுனி அளவு. தெளிவாகக் கேட்டது. அழுத்தவில்லை.

இரண்டாவது கேட்டது, மூன்றாவதும் கேட்டது. பிறகு மெல்லிசாக, உச்சத்தில், பூசணி உட்கார்ந்து வெறுமனே சுவரைப் பார்த்த அந்தச் சத்தங்கள் வந்தன. எல்லாம் கேட்டன. இருபத்தைந்து வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டிய ஐம்பத்து நான்கு வயதுக் காது எனக்கு. அது பட்டன் காஜா எடுத்த மாதிரி ஒவ்வொன்றையும் சுத்தமாகப் பிடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகள் நின்று, விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அழுத்த முடியவில்லை. கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

"அம்மா, கேட்டா அழுத்துங்க" என்று காதுக்குள் குரல் வந்தது. சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். தெருவில் லாரி ஹார்ன் அடிப்பது மாதிரி ஒன்று வந்தது. அதற்கும் அழுத்தவில்லை.

அந்தப் பெண் எழுந்து வந்து கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என் தலையில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனை எடுத்து ஆணியில் தொங்கவிட்டாள்.

வெளியே நடைபாதையில் பூசணி கேட்டாள். "ஏம்மா அப்படிப் பண்ணே?"

"என்ன பண்ணேன்?"

"உனக்குக் கேட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் கண்ணை இமைச்சே."

நான் லிஃப்டை நோக்கி நடந்தேன். லிஃப்டில் ஏறியதும் என் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

வீட்டில் அவரிடம் காகிதத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டட வரைபடம் மாதிரி மேசையில் விரித்துப் பார்த்தார்.

"இந்தப் பள்ளத்தை நிரப்ப வழி இருக்கும்ல?"

"இல்லையாம்."

"ஏன் அவ்வளவு சத்தமா வெச்சாளாம்? பைத்தியமா அவளுக்கு?"

"பக்கத்து ரூம் சத்தம் கேக்கக் கூடாதுன்னு வெச்சாளாம்."

"பக்கத்து ரூம்ல யாரு அப்படி—" என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். பலகைத் தடுப்பைப் பார்த்தார். பிறகு பால்கனிக்குப் போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளைக் காயாமலேயே எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

நாங்கள் சண்டையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. வேலை நடக்கும் இடத்திலேயே அவருக்கு மாரடைப்பு வந்தது. இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் குழாய் வைத்தார்கள். ஆஸ்பத்திரி உடுப்பில், கால் தெரியப் படுத்திருந்தவரைப் பார்த்த நிமிஷத்தில் எனக்குள் இருந்த எல்லா வழக்கும் தள்ளுபடி ஆகிவிட்டது. இப்போது நான் ஆரஞ்சு உரித்தால் சுளையில் நார்கூட இல்லாமல் எடுத்துக் கொடுக்கிறேன். நான் தைக்கும்போது அவர் ஊசியில் நூல் கோத்துத் தருகிறார். புதுசாகக் கல்யாணம் ஆனதுகள் தோற்றுவிடும் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். வீடு அவ்வளவு அமைதி. அந்த அமைதி வந்தபோது பூசணிக்கு இருபத்து மூன்று வயது முடிந்திருந்தது.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ஒவ்வொரு காது டாக்டராகப் போனார். பூசணி வரமாட்டேன் என்றாள், தனியாகவே போனார். மூன்றாவது டாக்டர் விளக்கிச் சொன்னாராம். காதுக்குள்ளே நுண்ணிய மயிர் இருக்கிறது, பழைய டூத் பிரஷ்ஷில் நார் படுத்துவிடுகிற மாதிரி அது படுத்துவிட்டது, பிரஷ் என்றால் வேறு வாங்கலாம், இதற்கு வேறு கிடையாது என்று. அவர் அதைக் கேட்டுக்கொண்டு, வருகிற வழியில் ஒரு பாட்டில் சத்து மாத்திரை வாங்கிவந்தார். அது காதுக்கு அல்ல என்று நர்ஸான அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவர் பார்க்கும்படி ஒரு மாதம் தினமும் ஒன்று போட்டுக்கொண்டாள்.

காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் வந்தது. முடியை விரித்துவிட்டால் தெரியாது. முதல் நாள் அவள் வீட்டில் ஒவ்வொன்றையும் தொட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். பேப்பரைப் புரட்டினாள். சாவிக் கொத்தைக் குலுக்கினாள். நான் எண்ணெயில் வெங்காயம் போட்டதும் ஓடிவந்தாள். "இது மழை மாதிரி கேக்குதும்மா!" அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

வார்டில் அது எடுபடவில்லை. இருபது கட்டில், பத்து மெஷின், தள்ளுவண்டிச் சக்கரம், பாத்திரம் விழுகிற சத்தம் என்று எல்லாவற்றையும் அது ஒன்றாக அள்ளிக்கொண்டு வந்து காதில் கொட்டியது. அதில் எது மூன்றாம் நம்பரின் பீப், எது யாருடைய போன் என்று பிரிக்க அவளால் முடியவில்லை. மேட்ரன் கூப்பிட்டு, "ரெண்டு மாசம் ஸ்டோர்ல இரு, பழகினதும் பார்க்கலாம்" என்றார். ஸ்டோர் கீழ்த்தளத்தில் இருக்கிறது. கட்டுத்துணி, கையுறை, ஊசி எல்லாம் அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருக்கும். யார் எத்தனை கேட்கிறார்கள் என்று சீட்டில் எழுதிக் கொண்டுவருவார்கள். அவள் எடுத்துக் கொடுப்பாள். முனகுவதற்கும் மிரட்டுவதற்கும் அங்கே ஆள் இல்லை. இரண்டு மாதம் நான்கு மாதமானது. மேட்ரன் நல்லவர்தான். லிஃப்டில் பார்த்தால் அவள் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போவாராம்.

எங்களுக்கு அவளோடு பேசத் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் மெஷினைக் கழற்றி வைத்துவிடுவாள், காது வலிக்கிறது என்று. நாங்கள் இரண்டு பேரும் கத்துவோம். "பூசணி! சாப்பிட வா! சாப்பிட!" அவருடைய மேஸ்திரிக் குரல் மறுபடி வெளியே வந்தது. ஒருநாள் கீழ் வீட்டு அம்மா படியேறி வந்து, "ஏங்க, உடம்பு சரியில்லாதவரு, மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டாள். அவர் சிரித்துச் சமாளித்தார். கதவைச் சாத்திய பிறகு பூசணி சொன்னாள்.

"கத்தாதீங்கப்பா. கத்தினா இன்னும் புரியாது. எதிர்ல வந்து நின்னு, மெதுவா, முகத்தைப் பார்த்துப் பேசுங்க. போதும்."

அவர் எதிரே போய் நின்றார். முகத்தைப் பார்த்தார். பேச வந்ததை மறந்துவிட்டு நின்றார்.

இதற்கு நடுவில்தான் அதைப் பார்த்தேன். ஒரு விடுமுறை நாள் மதியம். பலகைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால், அவள் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள், இரண்டு காதிலும் ஹெட்ஃபோன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போய்ப் பிடுங்கினேன்.

"இன்னுமாடி? இவ்வளவுக்கு அப்புறமுமா? இப்போ வீடு அமைதியாத்தானே இருக்கு!"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கோபப்படவில்லை.

"வீடு அமைதியா இருக்கறதுதான்மா பிரச்சனை. அமைதியா இருந்தா உள்ள அந்தச் சத்தம் மட்டும்தான் கேக்குது. தூங்க முடியலை. மெதுவா ஏதாவது ஓடவிட்டா கொஞ்சம் அடங்குது. டெஸ்ட் எடுத்தவங்ககூட சரின்னாங்க. குறைச்சுதான் வெச்சிருக்கேன்."

கையிலிருந்ததை என் காதருகே கொண்டுபோனேன். கடல் மாதிரி ஏதோ ஒன்று மெல்ல இரைந்துகொண்டிருந்தது. குறைவுதான். ஆனால் அவள் மாட்டிய பிறகு கூட்டுகிறாளா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே எப்படித் தெரியும், குறைவு எது அதிகம் எது என்று? திருப்பிக் கொடுத்தேன். அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதிலிருந்து தினமும் பலகை ஓரமாக நின்று, வெளியே சத்தம் கசிகிறதா என்று காது கொடுத்துப் பார்க்கிறேன். கசிவதில்லை. அது எனக்கு நிம்மதியும் இல்லை.

அன்றைக்கே கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லிக்கொடுத்தபடி எதிரே முகத்தை வைத்து மெதுவாகச் சொன்னேன்.

"நாங்கதான்டி பண்ணிட்டோம். நானும் உங்கப்பாவும்."

நன்றாகவே கேட்டது அவளுக்கு. கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள்.

"வால்யூம் வெச்சது நான்தானேம்மா. பஸ்ல எந்தச் சண்டையும் இல்லையே, அங்கயும் ஃபுல்லாத்தானே வெச்சேன். எங்க கிளாஸ்ல எல்லாருமே அப்படித்தான். எனக்குப் போச்சு, அவங்கள்ல சிலருக்குப் போகலை." பிறகு, "அப்பாகிட்ட இதைப் பேசாதே. அவரு ஹார்ட் மாத்திரையே ஒழுங்கா போடறதில்லை இப்போ" என்றாள்.

என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. எழுந்துபோய்த் துணி மடித்தேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி பரிசோதனை. இந்தத் தடவை மூன்று பேரும் போனோம். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார், என்னமோ பெண் பார்க்கப் போகிற மாதிரி. பஞ்சு அறைக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாக அவளையே பார்த்தார். விளக்கு எரியாத நேரத்தில் அவர் கை தானாகப் பட்டன் அழுத்துவது போலக் காற்றில் அழுத்தியது. பரிசோதிக்கும் பெண் பழைய காகிதத்தையும் புதுக் காகிதத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு கோடும் ஒன்றாகவே போய் ஒன்றாகவே குழியில் விழுந்தன.

"அப்படியே இருக்கு. கூடலை. நல்ல விஷயம்தான்" என்றாள்.

அவர் நான்கு தடவை நன்றி சொன்னார். வெளியே வந்து எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "கூடலைன்னு சொல்லிட்டாங்கல்ல" என்று டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மூன்று தடவை சொன்னார். பூசணி "ஆமாப்பா" என்றாள், மூன்று தடவையும்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். எனக்கும் பூசணிக்கும் இடம் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளி விட்ட நேரம் அது. அவருக்கு முன்னால் ஜன்னலோரம் ஒரு பெண், எட்டாவதோ ஒன்பதாவதோ படிப்பாள். மடியில் புத்தகப்பை, இரண்டு காதிலும் வெள்ளையாக ஏதோ செருகியிருந்தாள். பாட்டு எனக்கே கேட்டது, இவ்வளவு தள்ளி இருந்தும். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அதற்குப் பின்னால் டை கட்டிய ஒருவன். எண்ணிப் பார்த்தால் எங்களைச் சுற்றிப் பதினொரு பேர்.

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு ஸ்டாப் போனது. பிறகு குனிந்து அவள் தோளை விரலால் தொட்டார். பூசணி என் கையைப் பிடித்தாள்.

அந்தப் பெண் திடுக்கிட்டு ஒரு காதிலிருந்து அதை எடுத்தாள். "என்ன அங்கிள்?"

அவர் வாயைத் திறந்தார். அவள் காத்திருந்தாள், அந்தச் சின்னப் பொருளைக் காதுக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு, மரியாதையாக. பின்னால் யாரோ இருமினார்கள். நான்காவது மாடிக்கு எட்டும் அந்தத் தொண்டையிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"மணி என்னம்மா?" என்றார் கடைசியில்.

"நாலு இருபது."

"சரிம்மா."

அவள் மறுபடி செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவர் நிமிர்ந்து கம்பியைப் பிடித்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் இறங்க இன்னும் ஆறு ஸ்டாப் இருந்தது.